அலங்கார விளக்குகளும் நம் பிள்ளைகள் செய்த ரிலேக்களும்



ஆண்டு மலருக்கு விரத மகிமை பற்றியோ கும்பாபிஷேக நினைவுகள் பற்றியோ எழுதிக் கொடுப்பதே அடியேனின் வழக்கம். இம்முறை மலர்க் குழுவினர் வேறொன்று கேட்டார்கள். சென்ற திருவிழாவுக்கு முன்னர் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆலய மண்டபத்தில் நடந்த மின் பரிசோதனைகளைப் பற்றி நம் தோட்டத்தில் பலரும் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். "கிளாக்கர் ஐயா பொடியன்கள் செய்த சாமானை எல்லாம் சுட்டுப் போட்டார்" என்று ஒரு கதைகூட இருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதித் தாருங்கள் என்றார்கள். அடியேன் மின் பொறியியல் படித்தவன் அல்லன். அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராகக் கோப்பு எழுதியே காலம் கழித்தவன். ஆனால் அந்த நான்கு நாளும் பதிவேட்டை எழுதியவன் அடியேன்தான். அந்தப் பதிவேட்டை முன்னால் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

உருளைச் சுவிட்சு முதல் ரிலே வரை

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது திருவிழா வெளிச்சம் என்றால் பெற்றோமக்ஸ்தான். சாமி வீதிவலம் வரும்போது தலையில் பெற்றோமக்ஸ் சுமந்து போவதற்குப் பெரியவர்களிடையே போட்டியே இருக்கும். பின்னர் தொழிற்சாலைப் பக்கமிருந்து லைன் இழுத்து நாலு குழல் விளக்குப் போட்டோம். ஓடும் வெளிச்சம் என்பதை அடியேன் முதலில் பார்த்தது பதுளை நகரில், வெசாக் தோரணத்தில். ஒரு சக்கரம் சுழல்வதுபோல வெளிச்சம் சுற்றிச் சுற்றி ஓடியது. அது எப்படி நடக்கிறது என்று பார்க்கத் தோரணத்தின் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு மர உருளையைச் சிறு மோட்டார் மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தது. உருளையின் மேல் செம்புத் தகடுகளை வெட்டி ஆணி அடித்திருந்தார்கள். அவற்றின் மேல் வரிசையாகப் பித்தளை நாக்குகள் உரசின. தகடு வந்த இடத்தில் அந்த வரி எரியும், மரம் வந்த இடத்தில் அணையும். அவ்வளவுதான் கணக்கு. தமிழ்நாட்டுக் கோயில் திருவிழாக்களின் சீரியல் செட்டுகளையும் நெடுங்காலம் இந்த உருளைதான் ஓட்டியது. நாக்குக்கு நாக்கு நீலப் பொறி பறக்கும். கருகிய வாசம் வரும். இரவுக்கு இரண்டு தடவை அரத்தாள் போட்டுத் தேய்க்க ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

அதற்கு அடுத்து வந்தது ரிலே. இந்தச் சொல்லை நம்மவர்களுக்கு விளங்கப்படுத்துவது எளிது. முன்பு தோட்டத்துத் தப்பால்காரர் தபாற்கந்தோரிலிருந்து பையைச் சுமந்து வந்து பங்களாவில் கொடுப்பார். அங்கிருந்து இன்னொருவர் டிவிசனுக்குக் கொண்டு போவார். ஒருவர் களைத்த இடத்தில் மற்றவர் வாங்கிக்கொள்வதுதான் அஞ்சல். நெடுந்தூரத் தந்திக் கம்பியில் வந்து சேரும் மின்சாரம் மிகவும் மெலிந்துபோகும். அந்த மெலிந்த மின்சாரத்தால் ஒரு சிறு காந்தத்தை இழுத்து, புதிய பற்றரி ஒன்றின் சுவிட்சைப் போட வைக்கும் உபாயத்தை 1830களில் அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி கண்டார். சின்னக் கையால் பெரிய மடையைத் திறக்கும் வித்தை அது.

காந்த ரிலேயில் ஒரு குறை உண்டு. உள்ளே இரும்பு நாக்கு அசைந்து தொடுகிறது, விலகுகிறது. வழக்கமான சிறு ரிலே சுமையோடு வேலை செய்யும்போது ஏறக்குறைய 1 இலட்சம் தடவை தாங்கும். ஓடும் வெளிச்சத்தில் ஒரு வரி செக்கனுக்கு ஒரு தடவை எரிந்து அணைகிறது என்று வைத்துக்கொள்வோம். மாலை 6 மணி முதல் இரவு 11 மணிவரை 5 மணித்தியாலம் என்றால் 18,000 செக்கன். ஆறு இரவில் 1,08,000. அதாவது கொடியேற்றத்தன்று போட்ட புது ரிலே ஆறாம் திருவிழாவில் ஆயுளை முடித்துக்கொள்ளும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த நம் தோட்டத்து இளைஞர். "அதனாலதான் ஐயா நாங்க அசையாத ரிலே செய்யப்போறோம்" என்றார்.

அசையாத ரிலேயைத் திண்மநிலை ரிலே என்பர். நம் பிள்ளைகள் எஸ்.எஸ்.ஆர். என்கிறார்கள். அதற்குள் முக்கியமாக இரண்டு பொருள்கள். ஒன்று ட்ரயக் என்னும் மூன்று கால் உறுப்பு. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கியது. மூன்றாம் காலுக்குச் சிறிதளவு மின்சாரம் கொடுத்தால் மற்ற இரு கால்களுக்கிடையே பெரிய ஆடலோட்டம் ஓடும். கொடுப்பதை நிறுத்தினால், ஆடலோட்டம் அடுத்த தடவை பூச்சியத்தைத் தொடும்போது தானாக மூடிக்கொள்ளும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆகையால் செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுகிறது. மற்றையது ஒப்டோ கப்ளர். வெல்லத் துண்டளவு கூட இல்லாத அந்தக் கறுப்புப் பொருளுக்குள் ஒரு பக்கம் சிறு எல்.ஈ.டி., மறுபக்கம் அந்த ஒளியை உணரும் உறுப்பு. இரண்டுக்கும் இடையில் வயர் இல்லை. ஆற்றின் இக்கரையில் ஒருவன் டோர்ச் அடிக்க, அக்கரையில் இருப்பவன் அதைக் கண்டு மடையைத் திறப்பதுபோல. இக்கரையில் 5 வோல்ட், அக்கரையில் 230 வோல்ட். நடுவில் ஓடும் ஆறுதான் பிள்ளைகளின் உயிரைக் காக்கிறது. பரிசோதனை முழுவதும் அந்த ஆறு வற்றாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான்.

ஏணியிலிருந்து விழுந்த பிள்ளை

இதை எழுதாமல் மேலே செல்ல அடியேனுக்கு மனம் வரவில்லை.

அதற்கு முந்திய வருடம் அலங்காரத்தை வெளியிலிருந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். ஆறாம் திருவிழாவன்று முகப்பில் வேல் வடிவத்தின் ஒரு வரியில் இரண்டு பல்புகள் எரியவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவன் ஏணியோடு ஓடி வந்தான். பெட்டிக்காரர் அந்த வரியை நிறுத்தினார். வெளிச்சம் நின்றது. "லைன் நின்னுருச்சு, ஏறு தம்பி" என்று சொன்னவன் அடியேன். பல்பைத் திருகிக் கழற்றியதும் பிள்ளை "ஐயோ" என்று கையை உதறிக்கொண்டு பின்புறமாக விழுந்தான். மணிக்கட்டு முறிந்தது. அம்பாள் கிருபையால் தலை தப்பியது.

அடுத்த கூட்டத்தின் அறிக்கையில் "சிறுவனின் கவனக்குறைவால்" என்று எழுதியவனும் அடியேன்தான். பிள்ளையின் தாய் கொழுந்து நிறுத்துவிட்டுக் கூடையோடு நேரே மண்டபத்துக்கு வந்தார். "ஐயா, என் மகன் வயரைத் தொடலைங்க. லைட்டு நின்ன பிறகுதானுங்களே ஏறினான்" என்றார். அடியேனிடம் பதில் இல்லை. நின்ற லைனில் எப்படி அடிக்கும்? பிள்ளை பொய் சொல்கிறான் என்றே அன்று நினைத்தேன்.

ஆகவே சென்ற வருடம் இளைஞர்கள் "வாடகைப் பணம் வேண்டாம், நாங்களே எட்டு வரிக்கு எட்டு ரிலே செய்கிறோம்" என்று வந்தபோது அடியேன் முதலில் மறுத்துவிட்டேன். தலைவர் சமாதானம் சொன்னார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தேன். கொடியேற்றத்துக்கு முன்னர் ஒவ்வொரு ரிலேயும் பரிசோதிக்கப்பட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இலக்கம் இட வேண்டும், முடிவு பதிவேட்டில் ஏற வேண்டும். பக்கத்துத் தோட்டத் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மேற்பார்வைக்கு வர ஒப்புக்கொண்டார். அவர் இல்லாமல் பிளக்கைச் செருகக்கூடாது என்பது அன்று எழுதிய முதல் விதி. இதை வாசித்துவிட்டு வீட்டில் தனியே முயல நினைக்கும் தம்பிமாருக்கும் அதே விதிதான்.

கண்ணால் பார்த்தது, மெகரால் பார்த்தது

முதல் ஞாயிறு மின்சாரமே கொடுக்கவில்லை. பெரியவர் ஒரு பூதக்கண்ணாடியும் டோர்ச்சும் கொண்டு வந்தார். எட்டில் இரண்டு அங்கேயே நின்றுவிட்டன.

3ஆம் இலக்கத்தில் ஒப்டோ கப்ளருக்கு அடியில் ஒரு குற்றம். வெரோ போர்ட் என்பது துளை வரிசைக்கு ஒரு செம்புக்கோடு ஓடும் பலகை. துளைக்குத் துளை 2.54 மில்லிமீற்றர். ஒப்டோ கப்ளரின் இருபக்கக் கால்களுக்கும் இடையில் ஏறக்குறைய 7.6 மில்லிமீற்றர் இருக்கிறது. இந்த இடைவெளிதான் நாம் சொன்ன ஆறு. அதன் நடுவில் ஓடிய செம்புக்கோடுகளை நம் பிள்ளை உரித்தெடுக்காமல் விட்டிருந்தார். நடு ஆற்றில் பாறை போட்ட மாதிரி. அகலமான ஆறு இரண்டு மூன்று சிறு ஓடைகளாகிவிட்டது. ஈரம் பட்டால் மின்சாரம் கல்லுக்குக் கல் தாவிவிடும். கூரிய கத்தியால் அந்தக் கோடுகளை உரித்தோம்.

6ஆம் இலக்கம் இன்னும் மோசம். ட்ரயக்கின் முதுகில் சூட்டை வெளியேற்ற ஒரு உலோகத் தகடு இருக்கும். பி.டி. 136 போன்ற வகைகளில் அந்தத் தகடு உள்ளே ஒரு காலோடு இணைந்தது. அதாவது தகட்டிலேயே 230 வோல்ட் நிற்கும். அதை அப்படியே பிஸ்கட் டின்னோடு திருகி இறுக்கியிருந்தார்கள். டின்னுக்கு நில வயரும் கொடுக்கவில்லை. டின்னைத் தொட்டவர் லைனைத் தொட்டவர். பி.டி.ஏ. 16 என்று "ஏ" எழுத்தோடு வரும் வகையில் தகடு உள்ளுக்குள் காவலிடப்பட்டிருக்கிறது. விலை கொஞ்சம் கூட. இந்த ஒரு எழுத்துக்காகப் பணம் கொடுக்கலாம் என்று பெரியவர் சொன்னார். பொருளாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இரண்டாம் ஞாயிறு மெகர். சாதாரண மல்டிமீற்றர் தடையை அளப்பது உள்ளேயிருக்கும் சிறு பற்றரியால். 9 வோல்ட்டுக்கு அடங்கி நிற்கும் இடைவெளி 230 வோல்ட்டுக்கும் அடங்கி நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மெகர் 500 வோல்ட் கொடுத்து அளக்கும். ரிலேயின் 5 வோல்ட் பக்க முனைகளை எல்லாம் ஒன்றாகக் கட்டி, 230 வோல்ட் பக்க முனைகளை எல்லாம் ஒன்றாகக் கட்டி, இரண்டு கட்டுக்கும் இடையே அளந்தார். அப்படிக் கட்டாமல் அளந்தால் உள்ளேயுள்ள உறுப்புகள் பழுதாகும். எட்டும் நல்ல பெறுமானம் காட்டின. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பெரியவர் சிரித்தார். "இது பகல் பன்னிரண்டு மணி. திருவிழா நடக்கிறது ராத்திரி" என்றார். அன்றிரவு எட்டையும் மூடியின்றி மண்டபத்து வெளித்திண்ணையில் வைத்தோம். நமுனுகுலப் பக்கமிருந்து இறங்கும் மூடுபனியைப் பற்றி ஸ்பிரிங்வெளி வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விடியற்காலை அளந்தபோது 2ஆம் இலக்கம் ஒரு மெகாஓமுக்குக் கீழே விழுந்துவிட்டது. காரணம் ஈயம் பற்றும்போது இட்ட பிசின். அதைத் துடைக்காமல் விட்டால் பனி ஈரத்தை உறிஞ்சி மெல்லிய மின்பாதை ஆகிவிடுகிறது. பழைய பல்துலக்கும் தூரிகையால் ஸ்பிரிட் தொட்டுக் கழுவிக் காயவைத்து, இரண்டாம் இரவும் பனியில் வைத்து, மறுநாள் அளந்தோம். பெறுமானம் திரும்பி வந்தது. பின்னர் எல்லாவற்றையும் கழுவி வார்னிஷ் பூசினார்கள்.

மின்சாரம் கொடுத்தபோது

மூன்றாம் ஞாயிறு முதலில் 24 வோல்ட் நிலைமாற்றியும் லொறிக்குப் போடும் 24 வோல்ட் பல்பும். தவறு இருந்தாலும் ஆளை அடிக்காத மின்சாரம் அது. இங்கே ஒரு வேடிக்கை. ஒரு தம்பி நிலைமாற்றிக்குப் பதிலாக லொறி பற்றரியையே இணைத்துப் பார்த்தார். பல்பு எரிந்தது, ஆனால் அணையவில்லை. சமிக்ஞையை நிறுத்தினாலும் எரிந்தது. ரிலே போய்விட்டது என்று முகம் வாடினார். போகவில்லை. பற்றரியில் வருவது நேரோட்டம். அது பூச்சியத்தைத் தொடுவதே இல்லை. தொடாதவரை ட்ரயக் மூடாது. பற்றரி வயரைக் கழற்றியதும் அணைந்தது.

அதன்பின் 230 வோல்ட். பெரியவர் லைனில் 100 வாட் இழைப் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தார். ரேடியோ திருத்துபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழைய உபாயம். ரிலேக்குள் குறுக்குச் சுற்று இருந்தால் வெடிச்சத்தம் கேட்காது, அந்தப் பல்பு பிரகாசமாக எரியும், அவ்வளவுதான். எட்டும் தப்பின.

பிறகு தொடர் பல்பை எடுத்துவிட்டு முழுச் சுமை. ஒரு வரிக்கு 40 வாட் பல்பு பன்னிரண்டு. 480 வாட். ஏறக்குறைய 2.1 அம்பியர். பி.டி. 136 தாங்குவது 4 அம்பியர் ஆகையால் பாதிதானே என்று பிள்ளைகள் நினைத்தார்கள். ஆனால் இழைப் பல்பின் குளிர்ந்த இழைக்குத் தடை மிகக் குறைவு, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு, சிலவேளை அதற்கும் கீழே. போட்ட கணத்தில் 2 அம்பியர் 20 ஆகவும் அதற்கு மேலாகவும் பாயும். பி.டி. 136 ஒரு கணம் தாங்கும் உச்சம் 25. பி.டி.ஏ. 16 தாங்குவது 160. ஏழாம் இலக்கம் நாற்பது நிமிடம் அழகாக ஓடியது. அப்புறம் ஒரு பல்பு இழையறுந்து பளிச்சென்று நீலமாக மின்னிப் போனது. அந்த மின்னலில் ஏழாம் இலக்கமும் போனது.

அது போன விதத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பல்பு பழுதானால் அணையும். ட்ரயக் பழுதானால் பெரும்பாலும் அணையாது. உள்ளே உருகி ஒட்டிக்கொண்டு எப்போதும் எரியும். உருகிக் கம்பி அதைக் காப்பாற்றவில்லை. உருகி உருகுவதற்கு முன்னே ட்ரயக் வெந்துவிடுகிறது.

அதே நாள் இன்னொரு தோல்வி. நான்கு ரிலேக்களை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்து மூடியிருந்தார்கள். ட்ரயக் ஒவ்வொரு அம்பியருக்கும் ஒரு வாட்டுக்குச் சற்றுக் கூடுதலாகச் சூட்டைக் கக்கும். நான்கும் சேர்ந்து பத்து வாட். காற்றில்லாத டப்பாவுக்குள் பத்து வாட் என்றால் ஒன்றரை மணித்தியாலத்தில் மூடி வளைந்து எழும்பிவிட்டது. பிள்ளைகள் வெட்கப்பட்டார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, திருவிழாவன்று எழும்பியிருந்தால்தான் வெட்கம்.

அணைந்த வரியில் என்ன இருந்தது

இனி அடியேன் முழுதாக விழித்துக்கொண்ட பரிசோதனை. மூன்றாம் ஞாயிறு மாலை பெரியவர் 1ஆம் இலக்கத்துக்கு சமிக்ஞை கொடுக்காமல் நிறுத்தினார். வரி இருட்டு. எல்லாப் பல்புகளையும் கழற்றச் சொன்னார். வெறும் ஹோல்டரில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது.

மண்டபத்தில் யாரும் பேசவில்லை.

விளக்கம் இதுதான். ட்ரயக்கைத் திடீர் அழுத்தங்களிலிருந்து காக்க அதற்குக் குறுக்கே ஒரு தடையியும் ஒரு கொள்ளளவியும் இணைப்பார்கள். ஆடலோட்டத்துக்குக் கொள்ளளவி முழுச் சுவர் அல்ல, ஓட்டைச் சுவர். நம் பிள்ளைகள் போட்டிருந்தது 0.1 மைக்ரோபரட். 230 வோல்ட்டில் அதன் வழியாகக் கசிவது 7 மில்லிஅம்பியர். பெரியவர் மல்டிமீற்றரை இணைத்துக் காட்டினார், கணக்கும் கருவியும் ஒத்தன. 7 மில்லிஅம்பியர் சாதாரணமாக உயிரைக் குடிக்காது. ஆனால் கையை வெடுக்கென்று உதற வைக்கும். தரையில் நிற்பவன் "ஸ்ஸ்" என்பான், ஏணியில் நிற்பவன் விழுவான். 30 மில்லிஅம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் இதற்கு அசையவே அசையாது.

பெரியவர் அத்தோடு விடவில்லை. இரண்டு முனைப் பிளக்கைத் தலைகீழாகச் செருகினார். இப்போது ரிலே லைன் வயரில் இல்லை, நியூட்ரல் வயரில் இருக்கிறது. வரி முன்போலவே இருட்டு. ஆனால் ஹோல்டர் ஒவ்வொன்றிலும் முழு 230 வோல்ட் நின்றது. அதில் கை வைப்பவனுக்கு 7 மில்லிஅம்பியர் என்ற எல்லையும் இல்லை. நம் பக்கத்தில் 13 அம்பியர் சொக்கற்றுக்குள் பேனை மூடியால் குத்திவிட்டு இரண்டு முனைப் பிளக்கைச் செருகும் பழக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வாடகைப் பெட்டிக்குள்ளும் இதே மூன்று கால் ட்ரயக்தான் இருந்தது. அதன் பிளக்கும் இரண்டு முனைதான். அடியேன் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் அடியேனே பிரேரித்தேன். நிறைவேறிய அறிக்கையை மாற்றலாமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒருமுறை உறுதிப்படுத்திய அறிக்கையை அழித்து எழுதக்கூடாது, ஆனால் பின்னைய கூட்டத்தில் திருத்தம் பதியலாம், அதுவே முறை. அவ்வாறே "சிறுவனின் கவனக்குறைவால்" என்பது தவறென்றும், வரி அணைந்திருந்தும் ஹோல்டரில் மின்சாரம் இருந்ததாலும், பிரதான சுவிட்சை நிறுத்தாமல் ஏறும்படி அறங்காவலர் ஒருவர் சொன்னதாலும் விபத்து நேர்ந்ததென்றும் பதியப்பட்டது. அந்தத் தாயிடம் போய் அடியேன் வாசித்துக் காட்டினேன். "சரிங்க ஐயா" என்று மட்டும் சொன்னார். தேநீர் கொடுத்தார்.

சப்பறமும் ஜெனரேட்டரும்

நான்காம் ஞாயிறுக்குள் எட்டும் புதிதாகச் செய்யப்பட்டன. ட்ரயக் எல்லாம் பி.டி.ஏ. 16. கொள்ளளவி 0.01 மைக்ரோபரட், அதுவும் லைனில் நிரந்தரமாக இணைப்பதற்கென்றே வரும் எக்ஸ் 2 வகை, 275 வோல்ட் ஏ.சி. என்று மேலே அச்சிட்டிருக்கும். கசிவு பத்தில் ஒன்றாகி 0.7 மில்லிஅம்பியருக்கு இறங்கியது. ஒப்டோ கப்ளர் எம்.ஓ.சி. 3021 இலிருந்து 3041 ஆயிற்று. முன்னையது எந்தக் கணத்திலும் திறக்கும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலைக்கு நல்லது. பின்னையது பூச்சியத்துக்குப் பக்கத்தில் மட்டும் திறக்கும். குளிர்ந்த இழைக்கும் ட்ரயக்குக்கும் அது ஆறுதல். பெட்டி இரும்பு, காற்றுத் துளை உண்டு, நில வயர் உண்டு, பிளக் மூன்று முனை. எல்லாவற்றுக்கும் முன்னால் லைனையும் நியூட்ரலையும் ஒன்றாக வெட்டும் பிரதான சுவிட்ச் ஒன்றும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றும். ட்ரிப் சுவிட்சின் பரிசோதனைப் பொத்தானைத் தினமும் மாலை விளக்கேற்றுமுன் அமுக்க வேண்டும். அர்ச்சகர் ஐயா மணியடிப்பதற்கு முன் நாங்கள் அதை அமுக்குவோம்.

ஒரு சிக்கல் எதிர்பாராமல் வந்தது. முகப்பின் மூன்று வரிகளில் எல்.ஈ.டி. கயிற்று விளக்குப் போட்டார்கள். அவை துடித்துத் துடித்து எரிந்தன. ட்ரயக் திறந்து நிற்க வேண்டுமானால் அதனூடாகக் குறைந்தபட்ச ஓட்டம் ஒன்று தேவை. அந்த விளக்குகள் குடிக்கும் மின்சாரம் அதற்குப் போதவில்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு 25 வாட் இழைப் பல்பைச் சேர்த்ததும் துடிப்பு நின்றது. அந்த மூன்று பல்பையும் எங்கே வைப்பது என்று யோசித்து, மடப்பள்ளி வாசலில் தொங்கவிட்டார்கள். பொங்கல் கிளறிய தாய்மார் இந்தக் கண்சிமிட்டலைச் சபித்ததும் பதிவேட்டில் இருக்கிறது.

சப்பறத்தில் மட்டும் இந்தப் பெட்டியை ஏற்றுவதற்கு அடியேன் சம்மதிக்கவில்லை. பெரியவரும் அதே பக்கம். வீதிவலத்துக்கு மின்சாரம் தருவது ட்ரக்டர் பெட்டியில் வரும் ஜெனரேட்டர். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்வது எப்படியென்றால், போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஆள்மீது பாய்ந்து நிலத்துக்குள் போனால் திரும்புவது குறையும், உடனே விழும். சிறு ஜெனரேட்டர்கள் பலவற்றில் இரண்டு வயருமே நிலத்தோடு இணைக்கப்படுவதில்லை. அப்போது முதல் பழுதுக்கு ட்ரிப் சுவிட்ச் விழாது, எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். இரண்டாம் பழுது வரும்போது நடுவில் ஒரு மனிதர் இருப்பார். தகுதியுள்ள எலெக்ட்ரீஷியன் நிலத்தொடுப்பைச் சரிசெய்து தராமல் ஜெனரேட்டருக்கு ட்ரிப் சுவிட்ச் போட்டுவிட்டோம் என்று நிம்மதியடையக் கூடாது. ஆகவே சப்பறத்துக்கு 12 வோல்ட் பற்றரியும் 12 வோல்ட் எல்.ஈ.டி. விளக்குகளும் மாத்திரம். ஓட்டம் இல்லை, நின்று எரியும். சிலருக்கு மனக்குறைதான்.

உயரத்தையும் அளந்தோம். 2022 ஏப்ரல் 27ஆம் திகதி அதிகாலை, தமிழ்நாட்டில் தஞ்சாவூருக்கு அருகே களிமேடு கிராமத்தில் அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு, சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே கொன்றது அலங்கார விளக்கல்ல, மேலே போன கம்பி. நம் சப்பறத்தின் கலசம்வரை மூங்கிலால் அளந்து, வீதியில் கம்பி குறுக்கிடும் நான்கு இடங்களையும் குறித்து வைத்திருக்கிறோம். மின் அலங்காரக்காரர் உச்சியில் ஒரு முழம் உயர்த்திக் கட்டினால் கணக்கு மாறிவிடும் என்பதால், கட்டி முடித்த பிறகு மறுபடி அளக்க வேண்டும். மூங்கில் காய்ந்ததாக இருக்க வேண்டும், கம்பிக்குக் கிட்டவும் கொண்டு போகக்கூடாது.

திருவிழா பத்து நாளும் எட்டு வரியும் ஓடின. எட்டாம் நாள் பின்னேரம் சித்திரை இடி மழையில் 5ஆம் இலக்கம் ஒட்டிக்கொண்டது, வரி அணையாமல் எரிந்தது. பிரதான சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, உபரியாகச் செய்து வைத்திருந்த ஒன்பதாம் இலக்கத்தை மாற்றினார்கள். பதினோரு நிமிடம். இடி இடிக்கத் தொடங்கியதும் பிளக்கைக் கழற்றியிருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்று பெரியவர் சொன்னார். இந்த வருடம் அது விதியில் சேர்ந்திருக்கிறது.

இந்த வருடமும் கொடியேற்றத்துக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில், காலைப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் பரிசோதனை நடக்கும். மெகரை இரவல் கேட்டிருக்கிறோம். ஒரு வருடம் பெட்டிக்குள் கிடந்தவை ஆகையால் பனியில் வைக்கும் பரிசோதனை எல்லாவற்றுக்கும் மறுபடி உண்டு. பதிவேட்டை இம்முறை எழுதப்போவது மணிக்கட்டு முறிந்த அதே பிள்ளை. இப்போது பதினான்கு வயது. எட்டு ரிலேக்கும் எட்டுப் பத்தி கோடு போட்டு, "அணைந்த பின் ஹோல்டரில் டெஸ்டர் எரிகிறதா?" என்ற பத்தியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறான்.